கம்பைலர் வார்னிங்கை மனிதர்கள் மதிக்கும்படி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரிய ப்ராஜெக்ட் எதையாவது பில்ட் செய்து பாருங்கள். மஞ்சள் நிறத்தில் கம்பைலரின் வார்னிங் வரிகள் மளமளவென்று ஓடும், யாரும் படிக்கமாட்டார்கள், கடைசியில் பில்ட் முடிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். புரோகிராமர்களுக்குப் பொறுப்பில்லை என்று திட்டுவது சுலபம்தான். ஆனால் அந்த வரிகளில் நாலைந்தை எடுத்து நிதானமாகப் படித்தால் வேறு கதை தெரியும்: எதைச் சந்தேகப்படுகிறது, நம்மை என்ன செய்யச் சொல்கிறது, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எதுவுமே அதில் இருக்காது.

எர்ரர் மெசேஜ் மோசமாக இருந்தாலும் ஒரு வகையில் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் சரிசெய்யாமல் புரோகிராம் ஓடாது. வார்னிங்குக்கு அந்தப் பிடி கிடையாது. மொழியின் விதிப்படி கோட் சரியானது, கம்பைலருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியவர் கோட் எழுதியவர். அவர் "ஐயோ, தப்பாக எழுதிவிட்டேன்" என்றும் சொல்லலாம், "தெரிந்துதான் எழுதினேன்" என்றும் சொல்லலாம். இரண்டில் எந்தப் பதிலையும் கோடிலேயே எளிதாகச் சொல்லிவிட்டுப் போக வழி வைத்திருக்கிறதா என்பதுதான் நல்ல வார்னிங்கா இல்லையா என்பதற்கு என் அளவுகோல். கீழே உள்ள படிகள் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

கோ மொழிக்காரர்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். அந்தக் கம்பைலரில் வார்னிங் என்ற வகையே இல்லை. பயன்படுத்தாத லோக்கல் வேரியபிளும் இம்போர்ட்டும் நேரடியாக எர்ரர், மற்ற சந்தேகங்களைச் சொல்ல தனிக் கருவி. அதுவும் ஒரு வழிதான், ஆனால் டீபக் செய்ய ஒரு வரியை கமென்ட் போட்டவுடன் இம்போர்ட் பயன்படவில்லை என்று பில்ட் நின்றுபோகும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சொந்தமாகக் குட்டி மொழி எழுதுபவர்களுக்கும், ரஸ்ட், கிளாங், ஜிசிசி மாதிரி ஓப்பன் சோர்ஸ் கம்பைலருக்கு பேட்ச் அனுப்ப நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். கோட் உதாரணங்களை, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் எழில் மொழியின் சாயலில் தருகிறேன். 'ஆனால்', 'பதிப்பி', 'முடி' எல்லாம் பார்த்தாலே புரியும்.

படி 1: எந்த வார்னிங்கைத் திருத்தப் போகிறீர்கள்?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தக் கிளம்பாதீர்கள். உங்கள் மொழியில் எழுதப்பட்ட நிஜமான கோடை, அதாவது டெஸ்ட்டுக்காக எழுதியதை விட்டுவிட்டு மனிதர்கள் தங்கள் வேலைக்காக எழுதியதை, எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு எடுத்து கம்பைல் செய்து, எந்த வார்னிங் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அதோடு, எந்த வார்னிங்கை மக்கள் ஃபிளாக் போட்டு அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் தேடுங்கள். அணைத்த இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கமென்ட் இருக்கும், கொஞ்சம் கோபமாகவே இருக்கும். அதைப் படியுங்கள். எந்த ரிப்போர்ட்டையும் விட அது அதிகம் சொல்லும்.

ஒரு வார்னிங்கைத் தேர்ந்தெடுத்ததும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். கம்பைலர் எதைக் கண்டு பயப்படுகிறது? எந்தச் சூழலில் இதே கோட் முழுக்கச் சரி? சரியாக எழுதியவர் அதைக் கம்பைலருக்கு எப்படிச் சொல்வார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் மெசேஜைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. முதலில் மொழியில் அதற்கு ஒரு வழி செய்யுங்கள், வார்த்தைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: இடத்தைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தப் படி போரடிக்கும். ஆனால் பாதி வேலை இங்கேதான், இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள்.

வரி எண் மட்டும் போதாது. ஒவ்வொரு டோக்கனுக்கும் (பெயர், எண், குறி போன்ற சிறு துண்டு), அதிலிருந்து பார்சர், அதாவது கோடின் அமைப்பைப் படிக்கும் பகுதி, கட்டும் ஒவ்வொரு கோவைக்கும், எந்த ஃபைல், எந்த பைட்டில் தொடக்கம், எந்த பைட்டில் முடிவு என்ற மூன்றையும் சேர்த்து வையுங்கள். இதைத்தான் ஸ்பேன் என்கிறார்கள். மெமரி அதிகம் ஆகுமே என்று தோன்றினால், ரஸ்ட் கம்பைலர் ஒரு ஸ்பேனை 8 பைட்டில் அடக்கிவிடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு புள்ளியைத்தான் காட்ட முடியும், எது வரை பிரச்சினை என்று காட்ட முடியாது.

பழைய மொழிகளும் இந்த வேலையைத் தாமதமாகவாவது செய்திருக்கின்றன. ஜிசிசியில் கோடின் வரியையே அச்சிட்டு அடியில் கூரை போல் குறிபோடும் வழக்கம் இயல்பாகவே வந்தது 2013-இல் வெளியான 4.8 பதிப்பிலிருந்துதான், கிளாங் அதை முன்பே செய்துவந்தது. பைத்தான் 2022-இல் 3.11 பதிப்பில், நிரல் ஓடும்போது வரும் எர்ரருக்கும் வரியில் எந்தப் பகுதி காரணம் என்று காட்ட ஆரம்பித்தது. அதற்காக ஒவ்வொரு பைட்கோட் கட்டளைக்கும் தொடக்க, முடிவு இடங்களைச் சேமிக்கிறார்கள். இடம் வீணாகிறது என்று நினைப்பவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு ஆப்ஷனும் தந்திருக்கிறார்கள்.

அடுத்து, கம்பைலர் தானாக உருவாக்கும் கோட். உங்கள் கம்பைலர் 'ஆக' லூப்பை (ஃபார்) உள்ளுக்குள் 'வரை' லூப்பாக (வைல்) மாற்றுகிறது, அதற்கு ஒரு தற்காலிக வேரியபிளைப் போடுகிறது என்று வையுங்கள். கவனிக்காமல் விட்டால் "வேரியபிள் _தற்3 பயன்படுத்தப்படவில்லை" என்று ஒரு வார்னிங் வந்து நிற்கும். எழுதாத வேரியபிளுக்கு எழுதியவரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? எனவே ஸ்பேனிலேயே "இது மனிதர் எழுதியது, இது கம்பைலர் உருவாக்கியது" என்று ஒரு அடையாளம் வையுங்கள். இரண்டாவது வகைக்கு, அந்தக் கோட் உருவாகக் காரணமான மூல இடத்தைக் காட்டுங்கள், அல்லது பேசாமல் இருங்கள். மேக்ரோக்களிலும் (கம்பைல் ஆகும்போது வேறு கோடாக விரியும் சுருக்கங்கள்) இதே கதைதான்: மேக்ரோ வேறொருவர் லைப்ரரியில் இருந்தால் அதன் உடலைக் காட்டி ஒரு பயனுமில்லை, அழைத்த இடத்தைக் காட்டுங்கள்.

இனி தமிழில் எழுதுபவர்களுக்கு நேரடியாக வலிக்கும் ஒரு இடம். 'கொடு' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் 4 குறியீட்டுப் புள்ளிகள், அதாவது தனி எண் பெற்ற 4 குறிகள்: க, ொ, ட, ு. யுடிஎஃப்-8-இல் 12 பைட். சில எடிட்டர் அல்லது கீபோர்டு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் அதே சொல் 5 குறியீட்டுப் புள்ளி, 15 பைட் ஆகிவிடும், திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைட்டை எண்ணி இடைவெளி விட்டுக் குறி போடும் கம்பைலர் இதற்கு அப்புறம் வரும் எதைக் காட்டினாலும் குறி எங்கேயோ வலப்பக்கம் போய் விழும். குறியீட்டுப் புள்ளிகளை எண்ணினாலும் முழுக்கச் சரியாகாது: யூனிகோட் வகைப்பாட்டில் மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம்பிடிக்காத வகை, காலும் கொம்பும் இடம்பிடிக்கும் வகை. டெர்மினல்கள் இதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அகலம் கணக்கிடுகின்றன.

தீர்வு என்ன? உள்ளே எப்போதும் பைட்டையே வைத்துக்கொள்ளுங்கள், அது குழப்பமில்லாதது. அச்சிடும்போது மட்டும் மாற்றுங்கள்: வரியில் எத்தனையாவது இடம் என்று சொல்ல கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுங்கள், குறிபோட அகலத்தைக் கணக்கிடும் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். எடிட்டருக்கு அனுப்பும்போது, எடிட்டரும் மொழிக் கருவிகளும் பேசிக்கொள்ளும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இயல்பாக யுடிஎஃப்-16 அலகில் எண்ணுகிறது என்பதை மறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குறி சற்றுத் தள்ளி விழுந்தாலும் புரியும்படி, பெயரை மெசேஜிலேயே இன்னொரு முறை சொல்லிவிடுங்கள். டெர்மினலோடு சண்டைபோட்டு ஜெயித்தவர்கள் குறைவு.

படி 3: மெசேஜை உறுப்புகளாகப் பிரியுங்கள்

ஒரே நீள வாக்கியத்தில் எல்லாவற்றையும் திணிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஒரு வார்னிங்கில் ஐந்து பகுதிகள் இருக்கலாம்: தலைப்பு வரி, முதன்மை இடமும் அதற்கொரு சிறு குறிப்பும், தொடர்புடைய வேறு இடங்கள், காரணம் சொல்லும் குறிப்பு, என்ன செய்யலாம் என்ற உதவி. ஐந்தும் ஒவ்வொரு முறையும் தேவை இல்லை.

பழைய பாணி இப்படி இருக்கும்:

    வரி 12: எச்சரிக்கை: நிபந்தனைக் கோவையில் மதிப்பிருத்தல்

அதையே திருத்தி எழுதினால்:

    எச்சரிக்கை: நிபந்தனைக்குள் 'இருப்பு' என்ற வேரியபிளுக்கு 0 என்ற மதிப்பு வைக்கப்படுகிறது
      கணக்கு, வரி 12
      12 | @( இருப்பு = 0 ) ஆனால்
         |    ^^^^^^^^^ இங்கே = ஒப்பிடாது, இருப்பை 0 ஆக்கிவிடும்
      உதவி: ஒப்பிடத்தான் நினைத்தீர்கள் என்றால்: இருப்பு == 0
      உதவி: மதிப்பு வைப்பதுதான் நோக்கம் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்: (இருப்பு = 0)
      [நிபந்தனையில்-மதிப்பு, இயல்பாகவே இயங்குவது]

இந்த வடிவம் கிளாங்கிடமிருந்து எடுத்தது. சி மொழியில் இதே தவறுக்கு அது இரண்டு குறிப்பு தரும்: ஒப்பீடாக மாற்ற இரட்டைச் சமக்குறி போடு, வேண்டுமென்றே எழுதியிருந்தால் சுற்றி அடைப்புக்குறி போட்டு என் வாயை மூடு. தலைகீழ்த் தவறையும் அது விட்டுவைக்கவில்லை. கூடுதல் அடைப்புக்குறி என்றால் "தெரிந்துதான் மதிப்பு வைக்கிறேன்" என்ற அர்த்தம் வந்துவிட்டதல்லவா, அதனால் கூடுதல் அடைப்புக்குறிக்குள் இரட்டைச் சமக்குறியோடு யாராவது ஒப்பிட்டால், "அடைப்புக்குறியை எடு, அல்லது மதிப்பு வைக்க நினைத்தாயா" என்று அங்கேயும் கேட்கும். ஒரு அடையாளத்துக்கு அர்த்தம் கொடுத்தால் அதை முழுக்கப் பின்பற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொடர்புடைய இடங்களைக் காட்டும்போது கை கொஞ்சம் அடங்கட்டும். வெளியே உள்ள வேரியபிளின் பெயரையே உள்ளே மறுபடி வைத்ததற்கு வார்னிங் என்றால் முதல் அறிவிப்பையும் காட்டியே ஆக வேண்டும், அது இல்லாமல் புரியாது. பயன்படாத வேரியபிளுக்கு ஒரு இடம் போதும்.

படி 4: வார்த்தைகள்

தலைப்பு வரி தனியாகவே பயணம் செய்யும். எடிட்டரில் மவுஸை வைத்தால் அதுதான் வரும், பில்ட் லாகில் அதைத்தான் தேடுவார்கள், தேடுபொறியில் அதைத்தான் ஒட்டுவார்கள். எனவே கீழே உள்ள படம் இல்லாமலே அது புரிய வேண்டும்.

அதில் கம்பைலருக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "இந்த வேரியபிள் எங்கும் படிக்கப்படவில்லை" என்பது உண்மை. "இது தவறாக இருக்கலாம்" என்பது ஊகம். ஊகத்துக்கு இடம் உதவிப் பகுதியில். இரண்டையும் கலந்து "நீங்கள் தவறுதலாக இந்த வேரியபிளைப் பயன்படுத்த மறந்திருக்கக்கூடும்" என்று எழுதினால், மறக்காதவருக்கு எரிச்சல் வரும், மறந்தவருக்கும் எந்த இடத்தில் என்று தெரியாது.

கம்பைலரின் உள் அகராதி வெளியே வரக்கூடாது. ஆர்வேல்யூ, லோவரிங், நோட் வகை, இவை எல்லாம் உங்கள் வீட்டுப் பாத்திரங்கள், விருந்தாளிக்கு எதற்கு? புரோகிராமர் எழுதிய பெயரையும் குறியையும் வைத்தே பேசுங்கள்.

சுருக்கமாகவும் சொல்ல முடியும். பைத்தான் 3.8-இல் ஒரு வார்னிங் சேர்த்தார்கள்: ஒரு எண்ணையோ சரத்தையோ 'இஸ்' போட்டு ஒப்பிட்டால், லிட்டரலோடு (கோடிலேயே நேரடியாக எழுதிய மதிப்போடு) 'இஸ்' வந்திருக்கிறது, == என்று எழுத நினைத்தீர்களா என்று ஒரே வரியில் கேட்கும். பிரச்சினை, இடம், மாற்று, மூன்றும் அதிலேயே முடிந்துவிட்டது. வம்பே இல்லை.

இதற்கு மறு துருவம் எல்ம். 2015 வாக்கில் அந்த மொழிக்காரர்கள் கம்பைலரைத் தன்மையில் பேச வைத்தார்கள், "என்னால் இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற பாணியில், பொறுமையாக விளக்கம், சில சமயம் பாடம் மாதிரியே. புதிதாகக் கற்பவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஒரே விளக்கத்தைத் தினமும் பார்ப்பவருக்குக் கண் அதைத் தாண்டி ஓடப் பழகிவிடும். என் சாய்வு ரஸ்ட்டின் பக்கம்: திரையில் சுருக்கம், விரிவாக வேண்டுமென்றால் எர்ரர் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் ஒரு பக்க விளக்கம். 2016-இல் 1.12 பதிப்பில் அவர்கள் எர்ரர் வடிவத்தையே மாற்றியபோது கோடை நடுவில் வைத்து விளக்கத்தை அதன் ஓரத்தில் ஒட்டினார்கள், அதற்கு அப்புறம் வந்த பல மொழிகள் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டன.

மெசேஜ்களை மற்ற மொழிகளில் தர எண்ணம் இருந்தால் இன்றே ஒரு விஷயம் செய்யுங்கள்: வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டிக் கட்டாதீர்கள். ஆங்கிலத்தில் பெயரை நடுவில் செருகினால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். 'தொகை' தொகையை ஆகும், 'படம்' படத்தை ஆகும், கம்பைலருக்கு இலக்கணம் சொல்லித்தர முடியாது. 'தொகை' என்ற வேரியபிளை, 'கூட்டு' என்ற ஃபங்ஷனில் என்று எழுதினால் உருபு நமக்குத் தெரிந்த சொல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மெசேஜும் முழு வாக்கியமாக, பெயருக்கு மட்டும் காலி இடத்தோடு, ஒரே இடத்தில் இருக்கட்டும்.

படி 5: வெளியேற இரண்டு கதவு

ஒன்று திருத்தும் வழி, மற்றொன்று "தெரிந்தே செய்தேன்" என்று சொல்லும் வழி. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது கதவு சின்னதாக, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பொருந்துவதாக, படிப்பவருக்கும் புரிவதாக இருக்க வேண்டும். ரஸ்ட்டில் பயன்படாத வேரியபிளின் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டால் போதும், அதை வார்னிங்கே சொல்லித் தருகிறது. சி++17-இல், ஸ்விட்ச்சின் ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்கு வேண்டுமென்றே வழுக்கி விழுவதைச் சொல்லத் தனிக் குறிப்பு சேர்த்தார்கள். ஜிசிசி 7-இல் அதற்கான வார்னிங் வந்தபோது, "இங்கே கீழே விழுகிறது" என்று பல வருடமாகப் புரோகிராமர்கள் எழுதிவந்த ஆங்கிலக் கமென்ட்டையும் அது அடையாளம் கண்டு பேசாமல் இருந்தது. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே விளக்கிவிட்டவரிடம் இன்னொரு முறை விளக்கம் கேட்கக்கூடாது.

கதவு இல்லாவிட்டால் மக்கள் சுவரை உடைப்பார்கள். ஃபைல் முழுக்க வார்னிங்கை அணைப்பார்கள், அல்லது வார்னிங் நிற்கும்வரை கோடைக் கண்டபடி மாற்றுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் 2006-இல் நடந்ததைப் பாருங்கள். ஓடும் நிரலின் மெமரியைச் சோதிக்கும் வால்கிரைண்ட், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் மதிப்பு வைக்கப்படாத மெமரி பயன்படுகிறது என்று முறையிட்டது. அதை அடக்க இரண்டு வரி நீக்கப்பட்டது. அதில் ஒரு வரிதான் தற்செயல் எண்களுக்கான மூலப்பொருள் எல்லாவற்றையும் கலக்கும் வரி. விளைவாக, விதையாக மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும், அதில் 32,768 சாத்தியங்கள்தான். 2008 மே மாதம் வெளியில் தெரிந்தபோது, இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த லைப்ரரியால் உருவான குறியாக்கச் சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. வால்கிரைண்ட் கம்பைலர் இல்லைதான், அது சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் இடத்தை மட்டும் காட்டி, அங்கே என்ன செய்வது பாதுகாப்பு என்று சொல்லாத எச்சரிக்கை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று இதைப் பார்த்தால் தெரியும்.

திருத்தத்தைக் கோடாகவே தரும்போது எவ்வளவு உறுதி என்பதையும் கூடவே குறித்து வையுங்கள். ரஸ்ட் கம்பைலர் இதற்கு நான்கு நிலை வைத்திருக்கிறது: இயந்திரமே மாற்றலாம், தவறாகவும் இருக்கலாம், மனிதர் நிரப்ப வேண்டிய காலி இடம் உண்டு, முடிவு செய்யப்படவில்லை. ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவின் தானியங்கித் திருத்தம் முதல் வகையை மட்டும்தான் தொடும். தேவையில்லாமல் மாறக்கூடியது என்று அறிவித்த வேரியபிளிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதை இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மேலே பார்த்த சமக்குறியை இரட்டிப்பது அப்படி இல்லை, புரோகிராமின் அர்த்தமே மாறும். சந்தேகம் இருந்தால் ஒரு நிலை கீழே இறக்கிப் போடுங்கள்.

படி 6: பெயர்ப் பரிந்துரைகள்

தெரியாத பெயர் வந்தால் பக்கத்தில் உள்ள பெயரைக் காட்டும் வழக்கம் எர்ரருக்குத்தான் அதிகம் தேவை, ஆனால் தெரியாத வார்னிங் பெயரை யாராவது அணைக்க முயலும்போதும் வேண்டும். லெவன்ஷ்டைன் 1965-இல் கொடுத்த அளவுதான் அடிப்படை: எத்தனை எழுத்தைச் சேர்த்து, நீக்கி, மாற்றினால் ஒன்று மற்றொன்றாகும் என்ற கணக்கு. ரஸ்ட் ஏறக்குறைய பெயர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வித்தியாசத்தை ஏற்கிறது. எல்லை வைக்காவிட்டால் சம்பந்தமே இல்லாத பெயர் வந்து நின்று சிரிப்புக்கிடமாகும்.

தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிரிப்பு காத்திருக்கிறது. முன்பு சொன்னபடி கொம்பும் காலும் பிரிந்து பதிவான 'தொகை' ஒரு இடத்தில், சேர்ந்து பதிவானது இன்னொரு இடத்தில் இருந்தால், "'தொகை' என்ற பெயர் தெரியவில்லை, 'தொகை' என்று எழுத நினைத்தீர்களா?" என்று கம்பைலர் கேட்கும். மானமே போய்விடும். பெயர்களைப் படித்தவுடன் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிடுங்கள், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றாக்கிவிடுங்கள். ரஸ்ட், பைத்தான் இரண்டும் ஆளுக்கொரு விதத்தில் இதைச் செய்கின்றன.

இயல்பாக்கமும் பிடிக்காதவை உண்டு. 'ஔ' என்ற ஒரே எழுத்தும், 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து வருவதும் யூனிகோடுக்கு வேறுவேறு. 'கௌ' என்பதை கெ, ள என்று இரண்டாக அடிப்பவர்கள் ஏராளம். காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் அச்சு அசல் ஒன்று. தமிழ் எண் ௧ ககரம் மாதிரியே இருக்கும். 2021-இல் 1.53 பதிப்பில் ரஸ்ட் எல்லா மொழி எழுத்திலும் பெயர் வைக்க அனுமதித்தபோது, பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் ஒரே ப்ரோகிராமில் வந்தால் சொல்ல ஒரு வார்னிங்கையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். உங்கள் மொழியில் தமிழ்ப் பெயர் அனுமதி உண்டு என்றால் இதே வேலை உங்களுக்கும் உண்டு, மெசேஜில் "இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேறு" என்று சொல்லி எந்த எழுத்தில் வித்தியாசம் என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

படி 7: வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள்

பொய் எச்சரிக்கைகள் மெசேஜின் தரத்தையே கீழே இழுத்துவிடும், எவ்வளவு அழகாக எழுதினாலும். லினக்ஸ் கெர்னலில் 2020-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், மதிப்பு வைக்கப்படாத வேரியபிளாக "இருக்கலாம்" என்ற ஜிசிசி வார்னிங்கை இயல்புநிலையில் அணைத்தே வைத்துவிட்டார். புதிய ஜிசிசி பதிப்பில் பொய்கள் பெருகிவிட்டன, உண்மையானவை அதற்குள் புதைந்துபோகின்றன என்பது காரணம். கூகுள் தன் உள் கருவிகளில், புரோகிராமர் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடும் எச்சரிக்கையை எல்லாம் பொய் என்றே கணக்கு வைத்து, அந்த விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எல்லை வைத்தது. கம்பைலர் சொன்னது தர்க்கப்படி சரியா என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை, கேட்டவர் ஏதாவது செய்தாரா என்பதுதான். உங்கள் மொழிக்கும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது பேசக்கூடாது என்று சில: ஒரு பெயருக்கு ஏற்கெனவே எர்ரர் கொடுத்துவிட்டால் அதே பெயரை வைத்து வார்னிங் வேண்டாம். ஃபங்ஷனுக்குள் பார்ஸ் எர்ரர் இருந்தால், அங்கே "பயன்படவில்லை" என்று எதையும் சொல்லாதீர்கள், பயன்படும் வரியே பார்ஸ் ஆகாமல் போயிருக்கலாம். ஒரே காரணத்தால் இருபது இடத்தில் வருகிறது என்றால் காரணத்தை ஒரு முறை சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டது, ஏனென்றால் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் கோடில் ஒரு 'கோட்டூ' வரி (வேறு இடத்துக்குத் தாவும் கட்டளை) இரண்டு முறை இருந்தது. இரண்டாவது, மேலே உள்ள நிபந்தனைக்குள் இருப்பது போல உள்தள்ளி எழுதப்பட்டிருந்தாலும் உண்மையில் வெளியே. எப்போதும் ஓடும், கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்துவிடும். கிளாங்கில் எட்டமுடியாத கோடைக் காட்டும் வார்னிங் அப்போதே இருந்தது. ஆனால் 'டபிள்யூ-ஆல்' (-Wall) ஃபிளாக் போட்டு 'எல்லாம்' கேட்டாலும் அது வராது, தனியாகக் கேட்க வேண்டும். 2016-இல் ஜிசிசி 6-இல் ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே ஒரு வார்னிங் வந்தது, அதை 'டபிள்யூ-ஆல்' குழுவிலேயே சேர்த்தார்கள். தன் சந்தேகத்துக்குக் காரணமான நிபந்தனை வரியையும், அதற்குள் இருப்பதுபோல் நடிக்கும் வரியையும் அது சேர்த்தே காட்டும்.

படி 8: பெயர், நிலை, பதிப்பு

ஒவ்வொரு வார்னிங்குக்கும் நிலையான பெயர் வையுங்கள், மெசேஜின் கடைசியில் அதை அச்சிடுங்கள். பெயர் குறையைச் சொல்லட்டும்: 'பயன்படாத-வேரியபிள்' நல்லது, 'வேரியபிள்-சோதனை' என்றால் அணைக்கும்போது எதை அணைக்கிறோம் என்று தெரியாது.

நிலைகளுக்கு ரஸ்ட்டைப் பின்பற்றலாம்: அனுமதி, எச்சரி, மறு, எவரும் தளர்த்த முடியாதபடி தடை. புதிய வார்னிங்கை நேரடியாக இயல்பாக இயங்கும்படி விடாதீர்கள். வார்னிங்கை எல்லாம் எர்ரராக நடத்தும் 'டபிள்யூ-எர்ரர்' ஃபிளாக்கோடு பில்ட் செய்பவர்கள் எப்போதும் உண்டு, கம்பைலரைப் புதுப்பித்த அன்றே அவர்கள் பில்ட் உடையும், திட்டு உங்களுக்கு வரும். ஒரு பதிப்புக்கு அணைத்த நிலையில் வெளியிட்டு, நிஜக் கோடுகளில் ஓட்டி, பொய்களைக் களைந்து, அப்புறம் இயக்குங்கள். சார்ந்திருக்கும் லைப்ரரிகளில் வரும் வார்னிங்கை இயல்பாகவே காட்டாதீர்கள்; அடுத்தவர் கோடை, அந்த லைப்ரரியைப் பயன்படுத்துபவர் திருத்த முடியாது. கார்கோ இதைத்தான் செய்கிறது.

படி 9: மெசேஜுக்கும் டெஸ்ட்

வார்னிங் வந்ததா என்று மட்டும் சோதிக்காமல், அச்சான முழு வெளியீட்டையும் ஒரு ஃபைலில் வைத்து ஒப்பிடுங்கள். ரஸ்ட்டின் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான சின்ன நிரல்கள் இப்படி இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதிர்பார்க்கும் வெளியீடு. மெசேஜை மாற்றினால் ஒரே கட்டளையில் அந்த ஃபைல்களைப் புதுப்பித்துக்கொள்ளலாம், அதற்குப் பெயர் 'பிளெஸ்', ஆசீர்வாதம். நீங்கள் ஒரு சொல்லை மாற்றினால் எங்கெல்லாம் எப்படித் தோன்றும் என்பது டிஃப்பில் அப்படியே தெரியும், ரிவ்யூ செய்பவருக்கும் கம்பைலரை ஓட்டிப் பார்க்காமலே புரியும்.

ஒவ்வொரு வார்னிங்குக்கும் குறைந்தது மூன்று டெஸ்ட்: வர வேண்டிய இடம், வரக்கூடாத இடம், "தெரிந்தே செய்தேன்" கதவைப் பயன்படுத்தியபின் அமைதியாக இருக்கும் இடம். நான்காவதாக, உதவியில் சொன்ன திருத்தத்தைப் போட்டுவிட்டு மறுபடி கம்பைல் செய்து பாருங்கள். சொன்னபடி செய்தால் வேறொரு வார்னிங் வருகிறது என்ற கூத்து நினைப்பதைவிட அதிகம் நடக்கும். தமிழ்ப் பெயர் உள்ள ஒரு டெஸ்ட்டும் இருக்கட்டும், ஸ்பேன் கணக்கில் உள்ள ஓட்டைகள் அங்கேதான் வெளியே வரும்.

படி 10: சரியான நேரத்தில் காட்டுங்கள், பிறகு பேட்ச் அனுப்புங்கள்

ஃபேஸ்புக்கில் இன்ஃபர் என்ற ஆய்வுக் கருவியின் எச்சரிக்கைகளை முதலில் இரவில் மொத்தமாக ஓட்டிப் பட்டியலாகக் கொடுத்தபோது திருத்தியவர் கிட்டத்தட்ட யாருமில்லை. அதே ஆய்வைக் கோட் மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பும் தருணத்தில் காட்டியதும் சுமார் 70 சதவீதம் திருத்தப்பட்டது. எனவே வார்னிங்கின் தரவை ஒரு பக்கமும் அதை அச்சிடும் விதத்தை மறுபக்கமும் பிரித்து வையுங்கள். டெர்மினலுக்கு ஒரு வடிவம், எடிட்டருக்கும் ரிவ்யூ கருவிக்கும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவம். உதவிப் பகுதியில் உள்ள திருத்தம் இடத்தோடும் மாற்றுக் கோடோடும் தரவாகவே போனால்தான் எடிட்டரில் ஒரே கிளிக்கில் போட முடியும்.

வேறொருவரின் கம்பைலருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், கிளாங்கில் மெசேஜ் வாக்கியங்கள் தனி அட்டவணை ஃபைல்களில் இருக்கின்றன, அங்கே மெசேஜின் ஒரு துண்டைத் தேடினால் அதன் அடையாளப் பெயர் கிடைக்கும், அந்தப் பெயரைத் தேடினால் அது கிளம்பும் இடம் கிடைக்கும். ரஸ்ட்டில் மெசேஜ் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குத் தனி லேபிளே உண்டு, புதியவர்களுக்கு ஏற்றவை என்று குறித்தவையும் அதில் இருக்கும். பேட்ச் விளக்கத்தில் மூன்றே விஷயம்: பிரச்சினையைக் கிளப்பும் சின்ன நிரல், பழைய வெளியீடு, புதிய வெளியீடு. வாக்கியம் ஏன் இப்படி என்று நீள விளக்கம் எழுத வேண்டாம். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்தும் ரிவ்யூ செய்பவருக்கு வித்தியாசம் புரியவில்லை என்றால் மெசேஜை இன்னும் ஒரு சுற்று திருத்துங்கள்.